பீச் முதல் தாம்பரம் வரை: சென்னையின் ரயில் நிலையங்கள் பிறந்த கதை

சென்னை கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் கடல் தெரியாது. ராஜாஜி சாலையும் துறைமுகத்தின் மதிலும் கன்டெய்னர் லாரிகளும்தான் தெரியும். ஆனால் அந்தப் பெயர் பொய்யாக வைத்த பெயர் இல்லை. இன்று பாரிமுனையில் வரிசையாக நிற்கும் பழைய கட்டடங்களுக்கு எதிரே ஒரு காலத்தில் அலை அடித்தது. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881-ல் அடித்த புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். கல்லைக் கொட்டக் கொட்ட, மணல் சேரச் சேர, கடல் கிழக்கே தள்ளிப்போனது. நிலையம் மட்டும் பழைய பெயரோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இந்த நகரத்தில் முதலில் பிறந்த ரயில் நிலையம் இதுவல்ல. வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் ராயபுரம்தான் மூத்த பிள்ளை. 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு அதைத் திறந்து வைத்தார். அங்கிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த வாலாஜா ரோடு வரை ஓடியதுதான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். பம்பாயிலும் ஹவுராவிலும் ரயில் ஓடத் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த இரு ஊர்களிலும் முதலில் கட்டிய நிலையங்கள் இன்று இல்லை. உயரமான தூண்களோடு ராயபுரம் மட்டும் தப்பி நிற்கிறது. இந்தியாவில் இன்றும் பயன்பாட்டில் இருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இதுதான். இதைச் சென்னைக்காரர்களே பலர் பார்த்ததில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

ராயபுரம் நகரத்துக்குள் போய்வருகிறவர்களுக்காகக் கட்டியதல்ல. துறைமுகத்துச் சரக்கும் வெளியூர் போகிற பயணிகளும்தான் அதைக் கட்டிய மதராஸ் ரயில்வே கம்பெனியின் கணக்கில் இருந்தார்கள். 1873-ல் சென்ட்ரல் வந்தபோதும் கணக்கு மாறவில்லை. அந்தக் கம்பெனியின் அகலப் பாதை அங்கிருந்து மேற்கும் வடக்கும் போயிற்று. தெற்கிலிருந்து வந்தது வேறொரு கம்பெனி: சவுத் இந்தியன் ரயில்வே. அதன் தண்டவாளம் மீட்டர் கேஜ். அதற்கென்று ஒரு பெரிய முனையம் வேண்டுமென்று எழும்பூரில் கட்டினார்கள். வரைபடம் ஹென்றி இர்வின் பொறுப்பு. உயர் நீதிமன்றத்திலும் மைசூர் அரண்மனையிலும் கைவண்ணம் காட்டிய அதே இர்வின். கட்டியவர் பெங்களூர் ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. 1908 ஜூன் 11-ல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு ஆன செலவு 17 லட்சம் ரூபாய். 1914 முதல் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குப் போகிறவர்களும் இங்கேதான் போட் மெயில் ஏறினார்கள்.

இரண்டு கம்பெனி, இரண்டு பாதை, இரண்டு முனையம். திருநெல்வேலியிலிருந்து வந்து டெல்லிக்குப் போக வேண்டியவர் எழும்பூரில் மூட்டை முடிச்சோடு இறங்கி, ஜட்கா வண்டி பிடித்து சென்ட்ரலுக்குப் போக வேண்டும். எழும்பூருக்கும் பீச்சுக்கும் நடுவே, சென்ட்ரலுக்கு எதிரில் இருக்கும் பார்க் நிலையத்தின் முக்கியத்துவம் இந்தப் பிரிவினையால் வந்தது. இன்றைக்கும் பார்க்கில் இறங்கி சென்ட்ரலை நோக்கி ஓடும் கூட்டம் அந்தப் பழைய இரு கம்பெனிகளின் வேலியைத்தான் தினமும் தாண்டிக்கொண்டிருக்கிறது.

பார்க் என்பது அங்கே இருந்த மக்கள் பூங்கா. கவர்னர் டிரவெல்யன் காலத்தில் உண்டான அந்தப் பூங்காவில் மிருகக்காட்சி சாலை இருந்தது. 1985-ல் அது வண்டலூருக்கு இடம்பெயர்ந்தது. வண்டலூரும் இதே தண்டவாளத்தில், தாம்பரத்துக்கும் தெற்கேதான் இருக்கிறது.

இதுவரை சொன்னது பெரிய நிலையங்களின் பிறப்பு. எனக்குச் சொல்ல வேண்டியது சின்ன நிலையங்களைப் பற்றி. சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம் என்று தூணும் கோபுரமும் இல்லாமல், ஒரு டிக்கெட் கவுன்டரும் ஒரு படிக்கட்டுப் பாலமுமாக நிற்கிறவை. தெற்குச் சென்னை என்று இன்று நாம் சொல்லும் பெரிய ஊரை உண்டாக்கியவை அவைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நகரத்துக்குள் போய்வரும் ரயிலுக்கு நீராவி எஞ்சின் ஒத்துவராது. அது நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்க நேரம் பிடிக்கும். வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிட்டால் அத்தனை கரியும் தண்ணீரும் வீண். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். அதனால் நிலையங்களைத் தள்ளித் தள்ளித்தான் வைக்க முடியும். வண்டிகளையும் எப்போதோ ஒன்றாகத்தான் விட முடியும். மின்சார வண்டி இந்த இரண்டு கட்டையும் அவிழ்த்தது. பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார். சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். தாம்பரம் வந்ததும் டிரைவர் இறங்கி நடந்து மறுகோடிக்குப் போய் உட்கார்ந்தால் போதும், வண்டி பீச்சுக்குத் திரும்பத் தயார்.

மதராஸுக்கு மின்சார வண்டி புதிதில்லை. 1895-லேயே இங்கே மின்சார டிராம் ஓடியது. இந்தியாவில் முதல் மின்சார டிராம் கண்ட ஊர் இதுதான். 1953 வரை அது ஓடியது. ஆனால் டிராம் நகரத்துக்குள்ளேயே சுற்றியது. 1925 பிப்ரவரியில் பம்பாயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் இங்கேயும் வேலை சூடுபிடித்தது. 1931 ஏப்ரல் 2 அன்று கவர்னர் சர் ஜார்ஜ் ஸ்டான்லி பீச்–தாம்பரம் மின்சார ரயிலைத் தொடங்கிவைத்தார். மே 11 முதல் பொதுமக்கள் ஏறினார்கள். 1,500 வோல்ட் நேர் மின்சாரம், மீட்டர் கேஜ் தண்டவாளம், சுமார் 29 கிலோமீட்டர். மீட்டர் கேஜில் மின்சார ரயில் இந்தியாவில் அதுவே முதல். கல்கத்தாவுக்கு மின்சார ரயில் வந்தது 1957-ல்தான்.

அந்த 29 கிலோமீட்டரில் இன்று 18 நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒன்று. அதாவது தண்டவாளத்தை ஒட்டிய எந்த வீட்டிலிருந்தும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு நிலையத்துக்கு நடந்துவிடலாம். நிலையமும் தெருவும் ஒரே மட்டத்தில். சந்து முடிகிற இடத்தில் பிளாட்பாரம் தொடங்கும். இந்த எளிமைதான் அதன் பெருமை.

1931-ல் அந்த வழியில் என்ன இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மாம்பலத்தை ஒட்டி ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920களில் அதைத் தூர்த்து, தியாகராயச் செட்டியார் பெயரில் தியாகராய நகரை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். ஏரி இருந்த இடத்தில் மனை வாங்கிக் குடியேறச் சொன்னால் யார் வருவார்கள்? கோட்டைக்கும் பாரிமுனைக்கும் அலுவலகம் போகிற குமாஸ்தாவும் வக்கீலும் வந்தார்கள், வாசலில் ரயில் இருந்ததால். மாம்பலம் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்கு மக்கள் நடந்த தெருதான் ரங்கநாதன் தெரு. குடியிருப்புத் தெருவாக இருந்தது, காலையும் மாலையும் இறங்கி நடக்கும் கூட்டத்தால் கடைத்தெருவானது. இன்று தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்கே கால் வைக்க இடமிருக்காது. அத்தனை வியாபாரத்துக்கும் விதை அந்த நிலையத்தின் வாசல்.

கல்லூரிகள் நகர்ந்த விதம் இன்னும் சுவையானது. மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியும் பச்சையப்பன் கல்லூரியும் ஒரு காலத்தில் பாரிமுனைப் பக்கம், கடைத்தெருச் சந்தடிக்கு நடுவே இருந்தன. கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்குப் போனது. பீச் நிலையத்தின் பக்கத்திலிருந்து கிளம்பி ரயில் பாதையின் மறுகோடிக்கே போய்விட்டது என்று சொல்ல வேண்டும். செலையூர்க் காட்டை ஒட்டி முந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம். நகரத்திலிருந்து அத்தனை தூரத்தில் கல்லூரி வைக்கும் துணிச்சலுக்குப் பின்னால் விடுதிகளும் இருந்தன, ரயிலும் இருந்தது. பச்சையப்பன் 1940-ல் சேத்துப்பட்டுக்கு வந்தது. நுங்கம்பாக்கத்தில் லயோலா 1925 முதலே இருந்தது. மூன்று கல்லூரிகளுக்கும் மின்சார ரயிலில் பாஸ் எடுத்துப் போய்வந்த பையன்களின் தலைமுறைகள் எத்தனையோ.

தெற்கே போகப் போக ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு தனி ஆதிக் காரணம் தென்படும். குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே ஒரு தொழிற்சாலையின் கொடை. சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் அங்கே குரோம் லெதர் கம்பெனி நடத்தினார். குரோமியம் உப்பால் தோலைப் பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதராஸில் வேரூன்றியது. அதற்கு முன்முயற்சி எடுத்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். அந்தத் தொழிலின் பெயர் ஊருக்கும் நிலையத்துக்கும் ஒட்டிக்கொண்டது. கம்பெனி போனது, பெயர் போகவில்லை. 1949-ல் அதே குரோம்பேட்டையில் சி. ராஜம் மதராஸ் தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கினார். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான்.

அடுத்தது தாம்பரம் சானட்டோரியம். இந்தத் தடத்தில் என் மனதுக்கு மிக நெருக்கமான நிலையம் இது. டாக்டர் சௌரி முத்து 1928-ல் அங்கே காசநோயாளிகளுக்காக மருத்துவமனை தொடங்கினார். அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துள்ள சாப்பாடு என்பதே வைத்தியம். மரங்களும் குன்றும் உள்ள இடம் தேடித்தான் நகரத்தைவிட்டு அவ்வளவு தூரம் போனார். நோயாளிகள் மாதக்கணக்கில் அங்கே கிடப்பார்கள். பார்க்க வரும் மனைவியும் தாயும் தூக்குச்சட்டியில் சாப்பாடோடு எப்படி வருவார்கள்? ரயிலில்தான். ஒரு மருத்துவமனைக்காக நிலையம் என்பது எந்த நகரத்துக்கும் பெருமை தரக்கூடிய விஷயம். இன்று அது மாவட்டங்கள் பல தாண்டி நோயாளிகள் வரும் அரசு மருத்துவமனை. நிலையத்தின் பெயர்ப் பலகையில் சானட்டோரியம் என்ற சொல் இன்னும் இருக்கிறது. யாரும் மாற்றிவிடக் கூடாது.

கோடம்பாக்கம் சினிமாவால் பேர்பெற்றது. 1948-ல் ஏவி.எம். காரைக்குடியிலிருந்து இங்கே வந்தது. சுற்றிலும் ஸ்டூடியோக்கள் முளைத்தன. அறுபதுகளில் மேம்பாலம் வரும்வரை ரயில்வே கேட்டில் காத்திருப்பது அந்தப் பகுதியின் தினசரி வாழ்க்கை. கிண்டியில் 1958-ல் தொழிற்பேட்டை வந்தது. காலை ஷிப்டுக்குத் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பழவந்தாங்கலும் திரிசூலமும் பின்னால் சேர்ந்தவை. திரிசூலம் விமான நிலையத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. சில ரூபாய் டிக்கெட்டில் விமானம் பிடிக்கப் போகலாம்.

அறுபதுகளில் நேர் மின்சாரம் போய் 25,000 வோல்ட் மாறு மின்சாரம் வந்தது, கம்பி விழுப்புரம் வரை நீண்டது. 2004-ல் மீட்டர் கேஜ் வண்டிகளும் விடைபெற்று, முழுவதும் அகலப் பாதை ஆயிற்று. பாதை அகலமானது, நிலையங்கள் அதே இடத்தில்.

சென்ட்ரல் பக்கம் இதெல்லாம் தாமதம். கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்சாரப் புறநகர் வண்டிகள் ஓடத் தொடங்கியது 1979-ல்தான். அம்பத்தூர், ஆவடி, எண்ணூர், திருவொற்றியூர் என்று நகரத்தின் ஆலைகள் பாதியும் இருந்தது அந்தப் பக்கம். தெற்கே குமாஸ்தாவுக்கு 1931-ல் கிடைத்தது, வடக்கிலும் மேற்கிலும் இருந்த தொழிலாளிக்குக் கிடைக்க 48 ஆண்டுகள் ஆயின. வடசென்னை பின்தங்கியது என்று பேசுகிறவர்கள் இந்த இடைவெளியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அந்த வண்டிகளுக்கு சென்ட்ரலை ஒட்டித் தனி நிலையம் வந்த இடம் மூர் மார்க்கெட். 1900 முதல் அங்கே இருந்த சந்தையில் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பறவை, பாத்திரம் எல்லாம் கிடைத்தன. எத்தனையோ தமிழ் எழுத்தாளர்களும் ஏழை மாணவர்களும் படித்த நூல்கள் அந்தக் கடைகளிலிருந்து வந்தவை. 1985-ல் அது தீப்பிடித்து எரிந்தது. அந்த மண்ணில் எழுந்த புறநகர் நிலையத்தின் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். ஒரு நிலையம் வேண்டியிருந்தது உண்மை. அந்தச் சந்தைக்கு ஈடாக ஒன்று கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

எண்பதுகளில் இன்னொரு யோசனை பிறந்தது: பறக்கும் ரயில். நகரத்துக்குள் நிலம் எடுப்பது கடினம் என்பதால் பக்கிங்ஹாம் கால்வாயின் மேலே தூண் நிறுத்தினார்கள். அந்தக் கால்வாயின் கதையை இங்கே சொல்லாமல் போக முடியாது. வடக்கே எண்ணூர்ப் பக்கம் வெட்டிய பழைய கால்வாயை, தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நகரத்துக்குள் நீட்டி கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். பசியில் வந்த ஜனங்கள் மண்வெட்டி பிடித்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்குக் கிடைத்தது. வெட்டியவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. படகில் விறகும் உப்பும் போன அந்த நீர்வழியில்தான் இன்று கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன. தண்ணீர் ஓட இருந்த இடத்தைத் தூணுக்குக் கொடுத்தது தவறான முடிவு என்றே நான் கருதுகிறேன். அதன் விலையை ஒவ்வொரு மழைக்காலத்திலும் கரையோரக் குடிசைகள் கொடுக்கின்றன.

1995 நவம்பரில் பீச்–சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடியது. இந்தியாவின் முதல் உயர்மட்ட ரயில் பாதை. 1997-ல் மயிலாப்பூர், 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. நிலையங்கள் மாடி மாடியாக, மண்டபம் மண்டபமாக எழுந்தன. கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று கட்டிய தளங்கள் ஆண்டுக்கணக்கில் இருட்டாகக் கிடந்தன. ஏறிப் போக வேண்டிய படிகள் அதிகம். பல இடங்களில் நகரும் படிக்கட்டு நின்றே கிடக்கும். கால்வாயை ஒட்டிப் போனதால் நிலையங்கள் கடைத்தெருவுக்குப் பின்புறமாக, சந்துக்குள் அமைந்தன. இரவு ஒன்பது மணிக்குத் தனியாக இறங்கும் பெண்ணுக்கு அந்த வெற்றுத் தளங்கள் பயத்தைத்தான் தந்தன. திருவான்மியூர் போல, டைடல் பார்க்கும் மென்பொருள் அலுவலகங்களும் நடக்கும் தூரத்தில் இருந்த இடங்களில் கூட்டம் தானாக வந்தது. முண்டகக்கண்ணி அம்மன் கோயில் நிலையம் 2014-ல் இடையில் சேர்ந்தது. கோயில் தெருவிலிருந்து மக்கள் நடந்து வருகிறார்கள்.

2015 ஜூன் 29-ல் கோயம்பேடு–ஆலந்தூர் மெட்ரோ ஓடியது. 2017-ல் திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை பூமிக்கு அடியிலும் வண்டி வந்தது. லிஃப்ட் வேலை செய்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, சக்கர நாற்காலியில் வருகிறவர் யார் தயவும் இல்லாமல் பிளாட்பாரம் வரை போகலாம். பீச்–தாம்பரம் நிலையங்கள் தொண்ணூறு ஆண்டுகளில் தராததை மெட்ரோ முதல் நாளிலேயே தந்தது. இதை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் நடைபாதை இல்லை. ஆட்டோவுக்குப் பேரம் பேச வேண்டும், அல்லது சாக்கடை மூடிகளைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டும்.

2023 டிசம்பர் 30 அன்று, தாம்பரத்துக்குத் தெற்கே கிளாம்பாக்கத்தில் புறநகர்ப் பேருந்து நிலையம் திறந்தார்கள். தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே போய்விட்டன. ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப்புறமே தண்டவாளம் போகிறது. ஆனால் திறப்பு விழாவின்போது அங்கே ரயில் நிலையம் இல்லை. விடிகாலையில் குழந்தைகளோடும் பைகளோடும் மதுரையிலிருந்து வந்து இறங்கியவர்கள் கண்ணெதிரே மின்சார ரயில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்தார்கள். 1931-ல் ரயிலை முதலில் விட்டார்கள், ஊர் பின்னால் வந்தது. நம் காலத்தில் ஊரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நிலையத்தைப் பிறகு யோசிக்கிறோம்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் புதிதாக மூன்று வழித்தடங்கள் வருகின்றன. அங்கே திறக்கும் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் அரை கிலோமீட்டருக்கு உடையாத நடைபாதையும் தெருவிளக்கும் சாலையைக் கடக்க வழியும் அதே நாளில் தயாராக இருக்க வேண்டும். பீச்–தாம்பரம் தடத்தின் 18 நிலையங்களிலும் லிஃப்ட்டும் சாய்தளமும் வேண்டும். ரயில்வே, மெட்ரோ, மாநகராட்சி மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் செய்துவிடக்கூடிய வேலை இது. உங்கள் வார்டு கவுன்சிலரிடமிருந்து கேட்கத் தொடங்குங்கள்.